கற்பகதருவும் ஆய்வுகூடமும்: யாழ்ப்பாணப் பனைப்பொருள் ஆராய்ச்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணாம்புக்கல்லின்மேற் படிந்த மண்ணும் கிணற்று நீருமே அதன் வேளாண்மைக்கு ஆதாரம். நீர் இறைக்காமலே வளர்ந்து பயன்தரும் பனை இத்தகைய நிலத்திற் கற்பகதரு எனப் போற்றப்பட்டமை வியப்பன்று. எனினும் அதன் பெருமை மரத்தில் மட்டுமன்றி, அதன் விளைவுகளை வேறு பொருள்களாக மாற்றத் தெரிந்த மக்களின் அறிவிலும் தங்கியிருந்தது. நவீன பனை ஆராய்ச்சியின் வரலாற்றையும் இவ்வறிவோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினாற் பாளைச்சாறு புளித்துக் கள்ளாகாது, கருப்பநீராகவே நிற்கும். அதனைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்தனர். பழத்தின் களியைப் பாயில் ஊற்றி உலர்த்திப் பனாட்டாக்கினர். கிழங்கைப் பச்சையாகப் பிளந்து உலர்த்தியது ஒடியல். அவித்து உலர்த்தியது புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பை வடித்தகற்றிய பின்னரே பிட்டும் கூழும் ஆக்கினர். பருவத்திற் கிடைத்து விரைவில் அழியும் பொருளை ஆண்டு முழுதும் உதவும் உணவாக மாற்றிய முயற்சிகளே இவை.

இவ்வறிவு எழுத்திலும் இடம்பெற்றது. கும்பகோணம் அருணாசலம் இயற்றிய ‘தால விலாசம்’ பனையின் 801 பயன்களைக் கூறுவதாக அறியப்படுகின்றது. இலங்கையில் வாழ்ந்த வில்லியம் பெர்குசன் 1850இல் பனைக்கெனத் தனி நூலொன்று வெளியிட்டார். ஆயினும் பயன்களைத் தொகுத்துரைத்தல் வேறு. அவற்றின் காரணங்களை ஆராய்தல் வேறு. பின்னையது இருபதாம் நூற்றாண்டின் பணியாயிற்று.

1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டமையால் உள்ளூர் விளைபொருள்கள் ஏற்றம் பெற்றன. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அவற்றை இறக்குமதிப் பொருள்களோடு போட்டியிட வைத்தது. இச்சூழலிலேயே 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பனைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையமும் கைதடியில் அமைந்தது. மரபுப் பொருள் சந்தையில் நிலைக்க வேண்டுமாயின் அதன் தரமும் பாதுகாப்பும் நிறுவப்படல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

பாதுகாப்புப் பற்றிய வினா அதற்கு முன்னரே எழுந்திருந்தது. எஸ். என். அர்செகுலரத்னவும் பிறரும் 1971இல் வெளியிட்ட ஆய்வு, பனங்கிழங்கு மாவின் நச்சுத்தன்மையை ஆராய்ந்தது. அம்மாவை நெடுநாள் உண்ட எலிகளின் ஈரலில் ஏற்பட்ட பாதிப்பை 1976இல் வெளியான ஆய்வொன்று விவரித்தது. வெப்பமூட்டுவதால் நரம்பைத் தாக்கும் விளைவு நீங்குவதைப் பிற்கால ஆய்வு காட்டியது. அவித்தும் ஊறவைத்தும் உண்ட மரபை இம்முடிவுகளின் ஒளியில் நோக்குவது பயனுடைத்து. ஆயினும், மரபு என்பதனாலேயே ஓருணவு தீங்கற்றதெனக் கொள்ளலாகாது. ஐயம் எழுந்தமையால் அதனை முற்றாகத் தள்ளலும் தகாது.

பழக்களியின் வரலாறும் இத்தகையதே. பெருமளவிற் கிடைத்தும் கசப்பினால் அது பரவலாகப் பயன்படவில்லை. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அக்கசப்புக்குப் பிளபெலிபெரின் என்னும் சப்போனின் வகைச் சேர்மங்களே காரணமெனக் கண்டு, நொதிகளாற் கசப்பை நீக்கும் வழியை ஆராய்ந்தனர். வீணாகும் களியைப் பானமாகவும் பாகாகவும் மாற்றும் முயற்சிக்கு இத்தகைய அறிவே அடிப்படை.

எனினும் ஆய்வுகூடத்தின் வெற்றி தனித்து நில்லாது. போர்க்காலத்திற் காவலரண்களுக்காகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. எஞ்சிய மரங்களில் உயிரைப் பணயம் வைத்து ஏறிய தொழிலாளரையோ சமூகம் நெடுங்காலம் சாதியின் பெயரால் ஒதுக்கியே வைத்தது. கற்பகதருவைப் போற்றிய நாவுகள் அதில் ஏறியவனைப் போற்றவில்லை. பனைப்பொருளுக்குப் புதிதாகச் சேரும் பெறுமதியின் பங்கு அவனது இல்லத்தையும் அடைதல் வேண்டும்; மரமேறும் இடர் குறைதல் வேண்டும். இவை நிகழாவிடின், ஆராய்ச்சி எத்துணைப் பொருள்களைப் படைப்பினும் அதன் பணி அரைகுறையே.