இரைப்பை ஸ்ட்ரோமல் கட்டி

இரைப்பைப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் உட்படலத்தில் முளைப்பதுதான். ஸ்ட்ரோமல் கட்டி அந்த ரகம் அல்ல. படலத்துக்கு அடியில், சுவரின் தசை அடுக்கில் ஒளிந்து வளர்வது. மருத்துவர்கள் சுருக்கமாக ‘ஜிஸ்ட்’ என்பார்கள். உணவுப்பாதையில் எங்கும் வரக்கூடிய இந்தக் கட்டிகளில் பாதிக்கு மேல் இரைப்பையில்தான் காணப்படுகின்றன. நெடுங்காலம் இவற்றைச் சாதாரணத் தசைக்கட்டி என்றே எழுதிவந்தார்கள். 1998இல் ஜப்பானின் செய்ச்சி ஹிரோட்டாவும் சகாக்களும் இதில் ‘கிட்’ மரபணு பிறழ்ந்திருப்பதைக் கண்டறிந்த பிறகு கதை மாறியது.

சிறிய கட்டி தொந்தரவு தருவதில்லை. வளர்ந்து, மேலிருக்கும் படலம் புண்ணானால் இரத்தம் கசியும். மலம் கறுக்கும், காரணம் புரியாத சோகை வரும். எண்டோஸ்கோப்பியில் தெரிவது வழவழப்பான ஒரு மேடு மட்டுமே. அதைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினால் வருவது பெரும்பாலும் மேலிருக்கும் படலம் மட்டுமே. அறிக்கை ‘நார்மல்’ என்னும். ஏமாறுமிடம் இதுதான். ஆகவே குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப்பால் சுவரை அடுக்கடுக்காகப் பார்த்து, தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுக்கிறார்கள். அதில் சிடி117, டாக்1 சாயங்கள் ஏறினால் நோய் ஏறக்குறைய உறுதி. கல்லீரலுக்கோ வயிற்று உறைக்கோ பரவியிருக்கிறதா என்பதை சி.டி. ஸ்கேன் சொல்லும்.

2 செ.மீ.க்குக் குறைவான, சந்தேகக் குறிகள் இல்லாத கட்டியைக் கண்காணித்தால் போதும். மற்றவற்றுக்கு அறுவைதான். இது நிணநீர் முடிச்சுகளுக்கு அரிதாகவே பரவும் என்பதால் அவற்றை வழித்தெடுக்க வேண்டியதில்லை. கட்டியைச் சுற்றிச் சிறிது நல்ல திசுவோடு ஆப்பு வடிவில் வெட்டினால் போதும், இரைப்பை தப்பிவிடும். ஆனால் கட்டி உடையக் கூடாது. உடைந்தால் செல்கள் வயிற்றுக்குள் சிதறி, நோய் திரும்பும் அபாயம் மிக அதிகம். லேப்ராஸ்கோப்பியில் கட்டியை நேரடியாகப் பிடிக்காமல், பைக்குள் போட்டே வெளியே எடுப்பது அதனால்தான். உணவுக்குழாய் சேருமிடத்தில் பெரிதாக இருந்தால், முதலில் சில மாதங்கள் இமாடினிப் மாத்திரை கொடுத்துச் சுருக்கிய பிறகு கத்தி வைப்பதுண்டு.

அறுவைக்குப் பின் கட்டியின் அளவும் செல் பிரியும் வேகமும் மறுவருகையைக் கணிக்க உதவும். அபாயம் அதிகமென்றால் தினமும் 400 மி.கி. இமாடினிப், குறைந்தது 3 ஆண்டுகள். பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவில் டி842வி என்ற பிறழ்வு உள்ளவர்களுக்கு அது பலிக்காது. மாத்திரைக்கு முன் மரபணுச் சோதனை அவசியம்.

இந்த மருந்துக்குச் சென்னையோடும் ஓர் உறவு உண்டு. நோவார்ட்டிஸ் நிறுவனம் இதன் ஒரு படிக வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அப்போது அந்நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் ரூ.1.2 லட்சம்; இந்தியத் தயாரிப்புகளுக்கு சுமார் ரூ.10,000.