ஒன்பது மணி மழை

2020 மார்ச் மாதக் கடைசி. நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பத்து நாள் இருக்கும். அப்போது நான் சிவில் பொறியியல் கடைசி ஆண்டு. வகுப்பு இல்லை, வெளியே போக வழியில்லை. இணையத்தில் எதையோ தேடும்போது, இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் பொதுமக்களிடம் ஓர் உதவி கேட்டிருந்தது கண்ணில் பட்டது. பழைய மழைக் குறிப்புத் தாள்களின் படங்களைத் திரையில் காட்டுவார்கள். அதிலுள்ள எண்களைப் பார்த்துத் தட்டித் தரவேண்டும். பட்டம் எதுவும் தேவையில்லை. கையெழுத்தைப் படிக்க முடிந்தால் போதும்.

சும்மா ஒரு தாளைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தவன் அன்று இரவு இரண்டு மணிக்குத்தான் எழுந்தேன். ஒரு தாளில் ஓர் ஊரின் பத்து ஆண்டு மழை. மாதத்துக்கு ஓர் எண், அங்குலத்தில். சிலருடைய 7 பார்க்க 1 மாதிரியே இருக்கும். அதனால்தான் ஒரே எண்ணைப் பல பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

பாட்டி வந்து எட்டிப் பார்த்தார். "என்னாய்யா, எந்நேரமும் நம்பராவே தட்டிக்கிட்டு இருக்க?"

"மழைக் கணக்கு பாட்டி. நூத்தம்பது வருஷத்துக்கு முன்ன வெள்ளக்காரங்க அளந்து வச்சது."

"உங்க தாத்தாகூட அளந்தாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்தத் தாள்கள் எப்படிச் சேர்ந்தன என்று தேடியபோதுதான் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்ற பெயர் கிடைத்தது. 1838-ல் லண்டனில் பிறந்தவர். 1850-களில் இங்கிலாந்தில் மழை குறைந்த ஆண்டுகள் தொடர்ந்து வந்தன. நாட்டில் மழை உண்மையிலேயே குறைகிறதா என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் முழுக் கணக்கு இல்லை. அங்கங்கே சிலர் தங்கள் ஆசைக்கு அளந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். சைமன்ஸ் அவர்களைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினார். 1860-ஆம் ஆண்டுக்கு 168 இடங்களின் கணக்கைத் தொகுத்து வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுக்குள்தான். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய், பிறகு அரசாங்க வானிலைத் துறையின் தலைவரானார். அவருக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டேதான் சைமன்ஸ் இதைச் செய்தார். 1863-ல் அந்த வேலையை விட்டுவிட்டு முழு மூச்சாக மழைக்கு வந்துவிட்டார்.

ஆண், பெண், எந்த வயது, எந்த வர்க்கம் என்றாலும் வரலாம் என்று பத்திரிகை வழியாக ஆள் கேட்டார். பாதிரியார்கள் வந்தார்கள், மருத்துவர்கள் வந்தார்கள், நிலக்கிழார்கள் வந்தார்கள். ஆள் சேர்ந்தால் மட்டும் போதாது. ஒருவர் கூரைமேல் மழைமானி வைக்கிறார், இன்னொருவர் தரையில் வைக்கிறார். உயரத்தில் காற்று அதிகம், துளிகளை அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே மழை குறைவாகப் பதிவாகும். கால்ன் என்ற ஊரில் கர்னல் வார்ட் என்பவர் வேறுவேறு அளவில், வேறுவேறு உயரத்தில் மழைமானிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். இப்படித்தான் விதிகள் உருவாயின. தரையிலிருந்து ஓர் அடி உயரம், தினமும் காலை 9 மணிக்கு அளக்கணும், கிடைத்த அளவை முந்தைய நாளின் கணக்கில் எழுதணும். பிரிட்டனில் மழை நாள் இன்றைக்கும் 9 மணிக்குத்தான் தொடங்குகிறது. சைமன்ஸ் 1900-ல் இறந்தபோது அவருடைய அளவையாளர்கள் 3,000 இடங்களைத் தாண்டியிருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் நார்ஃபோக்கில் இருந்த பேனிங் சீமாட்டி. 1835 முதல் 1887 வரை மழை அளந்திருக்கிறார். லண்டனுக்குப் போகும்போது மழைமானியையும் கூடவே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்!

இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்று தோன்றலாம். இப்போது நான் வடிகால் வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன். கால்வாயின் அகலத்தை முடிவு செய்யும்முன் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை, நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை எவ்வளவு என்பதுதான். கையில் இருபது ஆண்டுக் கணக்கு மட்டும் இருந்தால் நூறாண்டு மழையை ஊகித்துத்தான் சொல்லமுடியும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மழை என்று பேசினார்கள். அந்த நூறை எதை வைத்துச் சொல்கிறோம்? யாரோ தினமும் போய்க் குவளையைப் பார்த்து எழுதியதை வைத்துத்தான். ஒரு நாள் அளக்காமல் விட்டால் அந்த நாளைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க முடியாது.

நாங்கள் தட்டிக் கொடுத்த வேலைக்கு 'ரெய்ன்ஃபால் ரெஸ்க்யூ' என்று பெயர். ஏறத்தாழ 66,000 தாள்கள், 16,000 பேர், ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள். பதினாறே நாளில் முடிந்தது. அதுவரை 1862-ல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய மழைக் கணக்கு, இதனால் 1836 வரை பின்னால் போனது. அந்நாட்டின் பதிவிலேயே மிக வறண்ட ஆண்டு 1855 என்று தெரியவந்தது. சைமன்ஸைக் கேள்வி கேட்க வைத்த அதே வறட்சிக் காலம்! 2022-ல் வந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் விஞ்ஞானிகளோடு எட்டுத் தன்னார்வலர்களின் பெயர்களும் இருந்தன.

அந்தப் பெயர் வரிசையைப் பார்த்தபோது பாட்டி சொன்னது ஞாபகம் வந்தது. போய்க் கேட்டேன்.

தாத்தா பதினாறு வயதில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் பையனாக இருந்தாராம். 1950-களின் நடுப்பகுதி. ஆபீஸ் பக்கத்துப் புல்தரையில் ஒரு செம்பு ஏனம் நட்டு வைத்திருக்குமாம். தினமும் காலையில் அதில் விழுந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அளவைக் கிராணியிடம் சொல்லணும். கிராணி எழுதுவார். துரை கையெழுத்துப் போடுவார்.

"மழைன்னா மரம் நனைஞ்சிரும், பால் வெட்ட முடியாது. ஜனங்களுக்கு வேல போயிரும். உங்க தாத்தா அந்த ஏனத்தப் பாத்தாலே திட்டிக்கிட்டே போவாரு. ஆனா ஒரு நாளும் அளக்காம இருந்ததில்ல" என்றார் பாட்டி.

இதற்கு என்ன பெயர் சொல்வது? குடிமக்கள் அறிவியல் என்ற சொல்லே 1990-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பேனிங் சீமாட்டி ஆசைப்பட்டு அளந்தார். தாத்தாவைச் சொன்னார்கள், அளந்தார். சீமாட்டிக்கு நேரம் இருந்தது, தோட்டம் இருந்தது. தாத்தாவுக்கு எதுவும் தரப்படவில்லை, கூலியைத் தவிர. ஆனால் குவளையில் தெரிந்த எண் இருவருக்கும் ஒரே மாதிரி எண்தான். சீமாட்டியின் பெயர் தாளில் இருக்கிறது. தாத்தாவின் கணக்கு எங்காவது அலமாரியில் இருந்தாலும் அதில் துரையின் கையெழுத்துத்தான் இருக்கும்.

'எளியவர்களும் அறிவியலில் பங்கேற்கலாம்' என்று இன்று புதிதாகச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. எளியவர்கள் முன்பே அதில் இருந்திருக்கிறார்கள். பெயர்தான் இல்லை. இப்போது பெயரோடு செய்ய வழி இருக்கிறது. ஸூனிவர்ஸ் தளத்தில் பழைய ஆவணங்களைப் படித்துத் தரலாம். பார்த்த பறவைகளை ஈபேர்டில் பதியலாம். இரண்டுக்கும் கைப்பேசியே போதும்.

போன வருஷம் ஒரு மழைமானி வாங்கி, வீட்டு முன்னாலுள்ள புல்தரையில் வைத்தேன். காலை 9 மணிக்கு அளந்து நோட்டில் எழுதுகிறேன். இது யாருக்கு எப்போது பயன்படுமோ, பேனிங் சீமாட்டிக்கும் அது தெரிந்திருக்காது. நான் சைட்டுக்குப் போகும் நாட்களில் பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கிறார். நோட்டில் அளந்தவர் பெயருக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அந்த நாட்களில் அதில் பாட்டியின் பெயர் இருக்கும்.