ஒஸ்லோ விரிவுரையாளர்களும் கணினிவழிக் கற்பித்தலும்: லேரி கியூபனின் விளக்கம் குறித்து ஒரு மறுபரிசீலனை

லேரி கியூபன் 2001இல் வெளியிட்ட ‘ஓவர்சோல்ட் அண்ட் அண்டர்யூஸ்டு’ என்னும் நூலில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கென ஓர் இயலை ஒதுக்கி, அங்குள்ள பேராசிரியர்கள் ஆய்வுக்கும் பாடத் தயாரிப்புக்கும் கணினியைத் தாராளமாகப் பயன்படுத்தியபோதும் விரிவுரையும் கருத்தரங்கும் பழைய வடிவிலேயே நீடித்தன என்று காட்டினார். ஆய்வுக்கு முதலிடம் தரும் அமைப்பே இதற்குக் காரணம் என்பது அவர் முடிவு. இம்முடிவு பழைய பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் பொருந்துவதாகக் கொள்ளப்படுவதுண்டு. நோர்வேயின் சான்றுகள் கியூபனின் வருணனையைப் பெரும்பாலும் உறுதிசெய்கின்றன. அவர் கூறும் காரணத்தை உறுதிசெய்யவில்லை.

முதலில் அவர் பக்கத்துக்கு வலுச்சேர்ப்பவற்றைக் காணலாம். பாடக்குறிப்பு, ஒப்படை, அறிவிப்பு ஆகியவற்றை ஓரிடத்தில் வைக்கும் கற்றல் மேலாண்மைத் தளங்களில் ஒன்றான ஃபுரொண்டர் 1998இல் ஒஸ்லோவிலேயே தோன்றி, ஒஸ்லோ பல்கலைக்கழகத்திலும் பயன்பாட்டுக்கு வந்தது. உயர்கல்வியில் தொழில்நுட்பத்தை வளர்க்க அமைக்கப்பட்ட ‘நோர்கெஸ் உனிவெர்சிதேத்தெ’ என்னும் அரசு நிறுவனம் 2011, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நிலை அறிக்கைகளைப் படிப்பவர், இத்தகைய தளங்கள் பெரிதும் கோப்புகளையும் தகவல்களையும் பகிரவே உதவின என்று முடிவுகட்டக்கூடும்.

ஆனால் கோப்பு பகிரப்பட்டது என்பதிலிருந்து கற்பித்தல் மாறவில்லை என்பது பெறப்படாது. நோர்வேயின் உயர்கல்வியை ஆராய அமைக்கப்பட்ட மியோஸ் குழு 2000இல் அளித்த அறிக்கையை அடியொற்றி, 2003இல் நடைமுறைக்கு வந்த தரச் சீர்திருத்தம், இறுதித் தேர்வொன்றையே நம்பியிருந்த முறையைத் தளர்த்தி, மாணவரை நெருங்கிப் பின்தொடர்வதையும் பருவம் முழுவதும் மதிப்பிடுவதையும் வலியுறுத்தியது. மாணவர் தம் எழுத்துகளைத் தொகுத்துத் திருத்தி மதிப்பீட்டுக்கு வைக்கும் தொகுப்பேட்டு முறை பரவியதையும், எழுத்துப்பணியும் கருத்துரையும் பெருகியதையும் ஓல்கா டிஸ்தே உள்ளிட்ட ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். ஒப்படைகள் பெருகிய இடத்தில் அவற்றைப் பெறவும் திருத்தித் திருப்பவும் தளம் தேவைப்பட்டது. ஆகவே கியூபன் மாறாதது எனக் கருதிய அமைப்பே இங்கு முதலில் அசைக்கப்பட்டது, கருவி அதன்பின் பொருள்பெற்றது எனக் கொள்வதே பொருத்தம். மேற்சொன்ன நிலை அறிக்கைகள் கருவியின் பயன்பாட்டை அளந்தனவே தவிர அப்பயன்பாட்டுக்கான காரணத்தை அளக்கவில்லை என்பதால், இவ்வாதம் சூழ்நிலைச் சான்றுகளையே சார்ந்துள்ளது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2019இல் நோர்வேயில் நடைமுறைக்கு வந்த பணிநியமன விதித் திருத்தம் இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. இணைப்பேராசிரியராக விழைபவர் பல்கலைக்கழகக் கற்பித்தலியலில், அதாவது உயர்கல்வி ஆசிரியருக்கான கற்பித்தல் பயிற்சியில், அடிப்படைத் தகுதி பெற்றிருக்க வேண்டும்; இல்லாதவர் நியமனத்துக்குப்பின் இரண்டு ஆண்டுகளில் அதைப் பெற வேண்டும். பயிற்சியின் அளவு குறைந்தது 200 மணி நேரம். கற்பித்தலையும் வழிகாட்டலையும் திட்டமிடல், நடத்தல், மதிப்பிடல், மேம்படுத்தல் என்னும் நான்கு திறன்களை அவ்விதி எண்ணிச் சொல்கிறது. அந்த நான்கில் கணினிக்குத் தனி இடமில்லை. பேராசிரியருக்கு மேலும் மூன்று தேவைகள் சேர்கின்றன: தம் கற்பித்தலின் தரத்தைக் காலப்போக்கில் உயர்த்தியிருத்தல், பரந்த வழிகாட்டல் அனுபவம், சக ஆசிரியரோடு சேர்ந்து கல்வித் தரத்தை வளர்ப்பதில் பங்கேற்றல்.

கணினி குறித்து விதி காக்கும் இம்மௌனத்தைப் புறக்கணிப்பாகக் கொள்வதைவிட, தொழில்நுட்பத்தைத் திட்டமிடலின் பகுதியாகக் கருதியதன் விளைவாகக் கொள்வதே ஏற்புடையது. ஒஸ்லோவில் குன்னர் ஹன்டாலும் பேர் லெவோசும் வளர்த்த வழிகாட்டல் முறையில், வகுப்புக்கு முன்பே ஆசிரியர் தம் திட்டத்தை எழுதித் தருவார். அதன்மீது உரையாடல் நடக்கும். வகுப்பைப் பார்த்தபின் மீண்டும் பேசுவர். எந்தக் கருவி, எதற்காக என்னும் கேள்வி எழத்தக்க இடம் அந்த முன்னுரையாடலே. பேராசிரியருக்கு விதி வைக்கும் மூன்றாம் தேவை இம்மரபிலிருந்தே வந்தது என்று கூற நேரடிச் சான்று இல்லை. இரண்டும் ஒரே திசையில் செல்கின்றன என்று மட்டுமே சொல்லலாம்.

தொழில்நுட்பம் இப்பயிற்சிக்குள் நிலைபெற்ற ஆண்டு எது என்பதும் தீரவில்லை. 2003 என்றால் அது தேவை பிறந்த ஆண்டு; 2019 என்றால் கடமை இறுகிய ஆண்டு. 2020 மார்ச் 12 அன்று நோர்வே அரசு கல்வி நிறுவனங்களை மூடுவதாக அறிவித்தபோது விரிவுரைகள் இணையத்துக்குச் சென்றன. எனினும் அந்த நகர்வில் பயிற்சியின் பங்கையும் நெருக்கடியின் பங்கையும் பிரித்தறிவது கடினம். கியூபனுக்குரிய மறுப்பு முழுமைபெற, தளங்களில் ஏற்றப்பட்ட கோப்புகளின் எண்ணிக்கையைவிட, ஆசிரியர் எழுதிவைத்த பாடத் திட்டங்களும் மாணவருக்கு அளித்த கருத்துரைகளும் ஆராயப்பட வேண்டும்.