விலையும் காத்திருப்பும்: காவிரிப் படுகையின் குறுங்காலப் பொருளாதாரம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் பொருளாதார நிலையை ஆண்டுக் கணக்கில் எழுதுவதே நம் வழக்கம். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது; வருவாய்த்துறையின் பசலி ஆண்டு ஜூனில் முடிகிறது. எந்தக் கணக்கைப் புரட்டினாலும் இத்தனை ஏக்கர் சாகுபடி, இத்தனை டன் கொள்முதல் என்ற தொகை கிடைக்கும். அறுத்த நெல் பணமாகும் வரை ஒரு குடும்பம் எத்தனை நாள், எதைக் கொண்டு சமாளித்தது என்பது மட்டும் கிடைக்காது. படுகையின் குறுங்கால நிலையை அந்த நாட்களைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்வியை ஆப்பிரிக்க ஆய்வுகள் முன்பே எழுப்பியுள்ளன. ராபர்ட் சேம்பர்ஸும் உடன் பதிப்பாளர்களும் 1981இல் வெளியிட்ட தொகுப்பு, கிராமப்புற வறுமைக்குப் பருவகால முகம் உண்டு என்பதை நிலைநாட்டியது. மலாவியில் மக்காச்சோளம் சித்திரை, வைகாசியில் களத்துக்கு வரும். தையிலும் மாசியிலும் குதிர் காலியாகிவிடும். கென்யாவைப் பற்றி பர்க், பெர்க்விஸ்ட், மிகல் மூவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. அங்கே உழவர் அறுவடைக் கையோடு மலிவாக விற்று, சில மாதம் கழித்து அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். அறுவடை நேரத்தில் சிறு கடன் கிடைத்தவர்கள் விற்பனையைத் தள்ளிப்போட்டு வருமானத்தைக் கூட்டிக்கொண்டார்கள். அங்கே பருவத்தின் நெருக்கடி விலையில் தெரிகிறது.

காவிரிப் படுகையில் அது விலையில் தெரியாது. மத்திய அரசு ஆதார விலையை அறிவிக்கிறது, மாநில அரசு ஊக்கத்தொகை சேர்க்கிறது, 1972இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வாங்குகிறது. 2025–26 பருவத்துக்குச் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,389 ரூபாயோடு 156 சேர்த்து 2,545 ரூபாய். பொது ரகம் 2,500 ரூபாய். பருவம் முழுவதும் இதே விலைதான். விலை அசையாத இடத்தில் நெருக்கடி வரிசைக்கு இடம் மாறுகிறது. நிலையத்து வாசலில் குவிந்து கிடக்கும் நெல்லே நம் ஊரின் விலைப்பட்டியல்.

இந்த வரிசை எப்போது நீளும் என்பதை மேட்டூர் பெருமளவு முடிவு செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 177.25 டிஎம்சியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வர வேண்டியது 123.14 டிஎம்சி, பத்தில் ஏழு பங்கு. அது குறைந்தால் என்ன நடக்கும் என்பதை 2023 காட்டியது. ஜூன் 12இல் திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10இல் மூட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு திறப்பே ஜூலை 28க்குத் தள்ளிப்போனது. மின்மோட்டார் வைத்திருந்தவர் குறுவை நட்டார். நிலத்தடி நீர் உப்பான வேதாரண்யம், தலைஞாயிறு கடைமடையில் அந்த வழியும் இல்லை.

தண்ணீர் குறைந்தால் துன்பம் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. நல்ல ஆண்டின் துன்பம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜூன் 12இல் தண்ணீர் வந்தால் படுகை முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நாற்றங்கால் விடும். 105 முதல் 120 நாளில் விளையும் குறுவை ரகங்கள் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் ஒன்றாக அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும். 2025இல் அணை உரிய நாளில் திறந்தது, குறுவையும் நன்றாக விளைந்தது. அக்டோபரில் நிலையங்களுக்கு வெளியே, சாலை ஓரங்களில், தார்ப்பாய்க்கு அடியில் நெல் நனைந்து முளைவிட்டது. விளைச்சல் கூடக்கூட வரிசையும் நீள்கிறது. ஆண்டுப் புள்ளிவிவரம் இதை வெற்றி என்று மட்டுமே எழுதும்.

காத்திருப்பின் விலையை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஏக்கர் சன்ன ரகம் நட்டவருக்கு 40 குவிண்டால் விளைந்ததாக வைத்துக்கொள்வோம். அரசு விலையில் அது 1,01,800 ரூபாய். தனியார் வியாபாரி குவிண்டாலுக்கு 200 ரூபாய் குறைத்துக் களத்திலேயே ஈர நெல்லாக எடுத்துக்கொள்கிறார் என்போம். இழப்பு 8,000 ரூபாய். மாதம் நூற்றுக்கு மூணு வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சத்துக்குப் பத்து நாள் வட்டி 1,000 ரூபாய்தான். அப்படியானால் ஏன் விற்கிறார்? அவசரக்காரர், விவரம் தெரியாதவர் என்று சொல்லிவிடுவது எளிது, அது தவறு. 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை, கொள்முதல் நிலையம் ஏற்கும் 17 விழுக்காட்டுக்குக் காயவைத்தால் நிற்பது 94 கிலோ. குவிண்டாலுக்கு ஏறக்குறைய 153 ரூபாய் தண்ணீராகவே போய்விடுகிறது. ஆக, 200 ரூபாயில் காத்திருப்பைத் தவிர்ப்பதற்காக அவர் கொடுத்தது 47 ரூபாய், மொத்தத்தில் 1,880 ரூபாய். காயப்போடும் கூலி, இரவுக் காவல், மழை பயம், பெல்ட் வகை அறுவடை இயந்திரத்துக்கு உடனே தர வேண்டிய வாடகை, அடுத்த போகமான தாளடிக்கு விட்ட நாற்று முற்றிப்போகும் கவலை இவற்றோடு வைத்துப் பார்த்தால் அந்த உழவரின் முடிவு நியாயமானது.

குறை கொள்முதல் விதியில் இருக்கிறது. 17 விழுக்காடு ஈரம் என்பது ஒரு கதவு: அதற்குள் இருந்தால் முழு விலை, தாண்டினால் கொள்முதலே இல்லை. தளர்வு கேட்டு மாநிலம் எழுத வேண்டும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்க வேண்டும். பிறகே ஆணை வரும். 2022 அக்டோபரில் 19 என்றும், 2023 பிப்ரவரியில் 20 என்றும் தளர்ந்தது. 2025இல் மாநிலம் 22 கேட்டது. ஆண்டுதோறும் ஐப்பசியில் மழை பெய்யும் நாட்டில் இதை விதிவிலக்காக நடத்துவது எனக்குப் புரியவில்லை. ஈரத்துக்கு ஏற்ப எடைக் கழிவை முன்கூட்டியே அறிவித்து, வந்த அன்றே வாங்கி, உலர்த்தும் பொறுப்பை வாணிபக் கழகம் ஏற்பதே முறை.

காத்திருப்பு எல்லாருக்கும் ஒரே பாரமும் அல்ல. சிட்டா, அடங்கல் தன் பேரில் உள்ளவர் வரிசையிலாவது நிற்கலாம். 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பதிவாகாத வாய்மொழிக் குத்தகைதாரர் கோயில் நிலத்தையோ வெளியூர்க்காரர் நிலத்தையோ உழுதால், சான்று பெறவே அலைய வேண்டும். விவசாயத் தொழிலாளியின் நிலை இதையும்விடக் கீழானது. ஒரு காலத்தில் அறுவடை வாரம்தான் அவருக்குப் பேரம் பேசும் வலு தந்தது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் நெல் கூலிப் போராட்டம் இருந்தது என்பதை மறந்து இந்த மண்ணின் பொருளாதாரத்தை எழுத முடியாது. இன்று அந்த வாரத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. நடவுக்கும் பல ஊர்களில் மேற்கு வங்கத்துக் குழுக்கள் வருகின்றன. உள்ளூர்ப் பெண்களுக்கு மிஞ்சுவது களையெடுப்பும் அரசின் ஊரக வேலைத் திட்டமும். நெல் குவியும் அதே அக்டோபரில் அவர்கள் வீட்டில் கைப்பணம் இல்லை.

கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட கிராம ஆய்வுகளில் தஞ்சைப் பாலக்குறிச்சியும் ஒன்று. அன்று முதல் இப்படுகையை ஆராயாத தலைமுறை இல்லை. ஆனால் இந்த வாரம் எந்த நிலையத்தில் எத்தனை சிப்பம் காத்திருக்கிறது, வந்த நெல்லை எடைபோட எத்தனை நாள், எடைபோட்ட நெல்லுக்குப் பணம் ஏற எத்தனை நாள் என்ற மூன்று எண்களைச் சேர்த்துப் பார்க்க ஆய்வாளருக்கு வழியில்லை. எடை போட்டதற்கும் பணம் ஏறியதற்கும் தேதியுள்ள பதிவு இருக்கிறது. நெல் வந்து இறங்கிய தேதியையும் சேர்த்து எழுத ஒரு பத்தி போதும். கழகம் அவற்றை வாராவாரம், நிலையம் வாரியாக வெளியிட வேண்டும். வரும் குறுவையிலேயே தொடங்க வேண்டும்.