ஊர்பேர் இல்லாத சங்கம்

ரோசா பார்க்ஸ் கைதானதை நாம் அறிவோம். மார்ட்டின் லூதர் கிங்கின் உரைகளைப் படித்திருக்கிறோம். ஆனால் அமெரிக்காவின் மான்ட்கோமெரி நகரில் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்தபோது, அவர்களை வேலைக்கு ஏற்றிச் சென்ற கார்களுக்கு பெட்ரோல் போட்டது யார் காசு என்று நாம் கேட்பதில்லை.

1955 டிசம்பரில் அப்போராட்டம் தொடங்கியது. சமையல் தொழிலாளியும் மருத்துவச்சியுமான ஜார்ஜியா கில்மோர் பெண்களைத் திரட்டினார். அவர்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். கோழி சாண்ட்விச்சும் கேக்கும் செய்து விற்றார்கள். சேர்ந்த காசைக் கில்மோர் இயக்கக் கூட்டத்தில் ஒப்படைத்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்பதே பதில். சங்கத்தின் பெயரும் அதுவே: ‘கிளப் ஃப்ரம் நோவேர்’.

கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் வேலை போகும். கிங் மீதான வழக்கில் 1956இல் சாட்சி சொன்ன கில்மோருக்கு வேலை போகவே செய்தது. அவர் தம் வீட்டு அடுப்பில் சமைத்து விற்றார். இயக்கத்துக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை.

பெயரை மறைத்தது அன்று அப்பெண்களைக் காத்தது. அதுவே பின்னர் அவர்களில் பலரை வரலாற்றிலிருந்தும் மறைத்துவிட்டது.

நம் சேரிகளிலும் படிப்பகத்துக்கும் வழக்குச் செலவுக்கும் முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்துத் தந்த பெண்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேரின் பெயர் நம் இயக்க வரலாறுகளில் இருக்கிறது? மேடையில் பேசியவர்களை எழுதிவிட்டோம். கொடுத்தவர்களை, அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதுவோம்.