நீலகிரியின் கடைப்போகம்

கடைப்போகம் என்பது நீலகிரி மலைத் தோட்டங்களில் ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்து ஆண்டு முடிவதற்குள் அறுவடை செய்யும் காய்கறிப் பருவம். இங்கே உருளைக்கிழங்கை வைத்தே ஆண்டைப் பிரிக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் பாசனத்தோடு தொடங்குவது நீர்ப்போகம். மார்ச், ஏப்ரலில் நடுவது கார்போகம். மூன்றில் நெஞ்சுரம் அதிகம் வேண்டுவது கடைப்போகத்துக்குத்தான். முளைவிடும்போது தென்மேற்குப் பருவமழை ஓய்ந்திருக்காது. கிழங்கு பருக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தோண்டப் போனால் உறைபனி.

1820-களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். சாமையும் ராகியும் விளைந்த படுகர் நிலங்களில் இன்று உருளை, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு. சமவெளிக்காரர்கள் இவற்றை இன்னும் ‘இங்கிலீஷ் காய்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

சிறு விவசாயியின் கவலை, நிலம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்டத்துக்கு மழைதான் எதிரி. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, அந்த மழையின் நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓடையோரத்துப் பள்ள நிலத்தில் மண்ணும் ஈரமும் செழிப்பு, ஆனால் பனி முதலில் இறங்குவதும் அங்கேதான். மேகமில்லாத இரவில் தரை வெப்பத்தை இழக்க, கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. உருளைச் செடியும் பீன்ஸும் ஒரே இரவில் கருகிப்போகும். கேரட்டின் கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கிறது.

கேரட் அறுவடை பல இடங்களில் விடியுமுன்பே தொடங்குகிறது. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் கொத்தாகப் பிடுங்கி, தழையைத் திருகி எறிந்து, மண்ணோடு மூட்டை கட்டுகிறார்கள். கேத்தி பாலாடா போன்ற இடங்களில் கழுவும் இயந்திரங்கள் இருக்கின்றன. சுழலும் உருளைக்குள் தண்ணீர் பீய்ச்ச, சேறு கரைந்து கேரட் பளிச்சென்று வந்து விழும். அதன்பின் லாரி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்.

அங்குள்ள மண்டிகளில்தான் விலை ஏலத்தில் நிற்கிறது. ஊட்டி உருளைக்கு 45 கிலோ மூட்டைக் கணக்கு. 1935-இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கமும் இந்த ஏலத்தில் பழைய கை.

பனிக்கு முன்பே வந்து உருளையைக் கெடுப்பது பின்கருகல் நோய். நாள்கணக்கில் இலை ஈரமாகவும் வானம் மூடியும் கிடந்தால் தோட்டமே அழுகும். மண்ணுக்குள் இருப்பது இன்னும் பிடிவாதமானது. 1961-இல் இந்தியாவில் முதன்முதலாக நீலகிரியில்தான் உருளையின் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. கூட்டுக்குள் இருக்கும் முட்டைகள் உருளை கிடைக்காமலேயே பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதைத் தடுக்க உள்நாட்டுத் தடையும் வந்தது. உதகையை அடுத்த முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் பணியால் இந்த இரண்டையும் தாங்கும் குஃப்ரி சுவர்ணா ரகம் கிடைத்தது. ஆனாலும் உருளைக்குப் பின் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு என்று மாற்றிப் போடுவதே செலவில்லாத வைத்தியம். விலை ஏறிய ஆண்டில் அதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல.

மிச்சத்துக்குக் காட்டுமாடும் பன்றியும் முள்ளம்பன்றியும் இருக்கின்றன. முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டித் தின்னும். காட்டுமாடு நடந்தாலே பாத்தி குழம்பும்.

டிசம்பர் இறுதியில் கிழங்கெல்லாம் கரையேறியிருக்கும் நேரத்தில், படுகர் ஊர்கள் ஹெத்தையம்மன் திருவிழாவுக்குத் தயாராகின்றன. கோத்தகிரி அருகே பேரகணியில் வெள்ளை உடுத்திய கூட்டம் திரளும். விழா முடிந்த கையோடு ஓடையோரப் பாத்திகளில் நீர்ப்போகத்துக்கு மண் கிளறத் தொடங்குகிறார்கள். பனி விலகாத பள்ளங்களில் மட்டும் நடவு பிப்ரவரிக்குத் தள்ளிப்போகும்.