துளிர்க்கும் நாளும் காய்க்கும் மொட்டும்: காஷ்மீர்த் தோட்டங்களுக்கான அக்ரூட் இரகத் தேர்வு

அக்ரூட் இரகங்களை ஒப்பிடும் பட்டியல்களில் கொட்டையின் எடை, ஓட்டின் மென்மை, பருப்பின் விழுக்காடு, நிறம் ஆகியவையே முன்னிடம் பெறுகின்றன. வணிகருக்கு இவை போதும். மரம் நடுபவர் இவற்றுக்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: மரம் வசந்தத்தில் எப்போது துளிர்க்கிறது? நுனி மொட்டில் மட்டும் காய்க்கிறதா, பக்க மொட்டுகளிலும் காய்க்கிறதா? இவ்விரு பண்புகளையும் ஒரே மரத்தில் சேர்க்க நடந்த நெடிய முயற்சிதான் நவீன இரகங்களின் வரலாறு. அம்முயற்சியில் பிறந்த வெளிநாட்டு இரகத்தை அப்படியே கொண்டுவந்து நட்டால் காஷ்மீரின் சிக்கல் பாதிதான் தீரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரான்சின் கிரனோபிள் வட்டாரத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே பெயர்பெற்ற பிராங்கெட் மிகத் தாமதமாகத் துளிர்க்கும் இரகம். உறைபனியும் வசந்த மழையும் பெரும்பாலும் கடந்தபின் கண்விழிப்பதால் அதன் பூக்கள் கருகுவதில்லை. ஈரத்தில் பரவும் பாக்டீரியாக் கருகல் நோயும் அதை அதிகம் தொடுவதில்லை. ஆனால் அது பெரும்பாலும் நுனியில் மட்டுமே காய்க்கும். விளைச்சல் குறைவு, காய்ப்புக்கு வரவும் நெடுநாள் ஆகும். கலிபோர்னியாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டெடுக்கப்பட்ட பேய்ன் இதற்கு நேர் எதிர். அதன் பக்க மொட்டுகள் பெரும்பாலானவை காய் பிடிக்கும், இளமரமே பலன் தரும். ஆனால் பிராங்கெட்டைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முந்தித் துளிர்ப்பதால் பனி, கருகல் நோய், காய்ப்புழு மூன்றும் முதலில் அதைத்தான் தாக்குகின்றன. நல்ல ஆண்டில் பேய்னும் கெட்ட ஆண்டில் பிராங்கெட்டும் வென்றதாகத் தெரியும். ஓராண்டு விளைச்சலை மட்டும் வைத்து இரகத்தைத் தீர்ப்பிடுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இந்த இணையே சான்று.

இவ்விரு மரபுகளையும் இணைக்கும் பணியை யூஜின் செர், ஹரால்டு போர்டு இருவரும் கலிபோர்னியாவின் டேவிஸில் 1948இல் தொடங்கினர். அதன் விளைவாக 1979இல் வெளியிடப்பட்ட சாண்ட்லர், பிரெஞ்சு மயெட் வழியும் பேய்ன் வழியும் கலந்த பெட்ரோ என்னும் இரகத்தின் பிள்ளை. பேய்னுக்கு இரண்டரை வாரம் பிந்தித் துளிர்க்கும். பக்க மொட்டுகளில் பத்துக்கு எட்டுக்கும் மேல் காய்க்கும். கொட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி வெளிர்நிறப் பருப்பு. பிரான்சு பின்னர் வெளியிட்ட பெர்னோர், பிராங்கெட்டையும் பேய்ன் வழிவந்த லாராவையும் சேர்த்துப் பெற்றது. இரு நாட்டு ஆய்வாளர்களும் தனித்தனியே ஒரே விடையை அடைந்தனர். சாண்ட்லரின் புகழ் விளம்பரத்தால் வந்ததன்று; அதை நான் ஐயமின்றி ஏற்கிறேன்.

ஆயினும் எந்த இரகமும் தான் தேர்ந்தெடுக்கப்பட்ட மண்ணின் பருவத்துக்கே முதலில் விடை சொல்கிறது. இந்திய அக்ரூட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தரும் ஜம்மு காஷ்மீரில் பெரும்பாலானவை விதையிலிருந்து வளர்ந்த மரங்கள். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. காய்ப்புக்கு வரப் பத்தாண்டு வரையும் அதற்கு மேலும் ஆகும். வானளாவிய கிளைகளில் ஏறித் தடியால் அடித்துக் காய் உதிர்க்கையில் தவறி விழுந்து உயிரிழப்போரின் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. குட்டையாகக் கத்தரித்துப் பேணத்தக்க, பக்க மொட்டில் காய்க்கும் ஒட்டுமரம் தேவை என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். விளைச்சல் கணக்கு அதன் பிறகுதான்.

ஆனால் பள்ளத்தாக்கின் பருவம் இரு முனையிலும் குறுகியது. தாமதத் துளிர்ப்பு வசந்தப் பனியிலிருந்து காக்கும். அதே தாமதம் அறுவடையையும் பின்தள்ளும். 2018, 2019 நவம்பர் முதல் வாரத்தில் பெய்த முன்பனிப்பொழிவில், இலையுதிராமல் நின்ற ஆப்பிள் மரங்களின் கிளைகள் பெருமளவில் முறிந்தன. சாண்ட்லர் தன் தாயகத்தில் முதிர்வதே பெரும்பாலும் அக்டோபரில். காஷ்மீரின் உயரமான சரிவுகளில், காயைப் பறித்து, தோல் நீக்கி, உலர்த்தப் போதிய வெயில் நாட்கள் அதன்பின் எஞ்சுமா? அங்கு பிந்தித் துளிர்த்து முந்தி முதிரும் மரமே தேவை. அத்தகைய மரங்களைத் தேட வேண்டிய இடம் பள்ளத்தாக்கின் விதைமரக் கூட்டமே. ஸ்ரீநகரிலுள்ள மத்திய மிதவெப்பத் தோட்டக்கலை நிறுவனம் அக்கூட்டத்திலிருந்து இரகங்களைத் தேர்ந்து வெளியிட்டிருக்கிறது. ஹம்தான், சுலைமான் ஆகியவையும் உள்ளூர்த் தேர்வுகளே.

மகரந்தக் கணக்கும் இவ்விடத்தில் மாறுகிறது. அக்ரூட்டில் ஆண், பெண் பூக்கள் ஒரே மரத்தில் வெவ்வேறு நாட்களில் முதிர்வதால், தனி இரகத் தோட்டத்துக்குத் துணை மரம் வேண்டும். சாண்ட்லருக்குப் பிராங்கெட்டைத் துணையாக வைப்பது கலிபோர்னிய வழக்கம். பல நாட்களில் மகரந்தம் சிந்தும் விதைமரங்கள் சூழ்ந்த காஷ்மீரில் அந்தத் துணை பெரும்பாலும் இயல்பாகவே கிடைக்கும். மிகையான மகரந்தமும் தீங்குதான்: 1968இல் வெளிவந்த செர் இரகத்தில் அளவுக்கு மீறி மகரந்தம் விழுந்த பெண் பூக்கள் உதிர்ந்துவிடுகின்றன. அதனால் செர் காஷ்மீருக்கு ஏற்றதன்று என்பது என் முடிவு.

ஒரே இரகத்தில் சாய்ந்து நிற்பதன் அபாயத்தைக் கலிபோர்னியாவே காட்டியது. அங்குள்ள அக்ரூட் பரப்பில் பாதிக்கு மேல் சாண்ட்லர். 2022 செப்டம்பர் 6 அன்று சாக்ரமெண்டோவில் வெப்பம் 46 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அவ்வாண்டு அறுவடையில் பருப்பின் நிறம் பரவலாகக் கெட்டது. வெவ்வேறு நாட்களில் முதிரும் இரகங்கள் கலந்திருந்தால் அடி பகிர்ந்து விழுந்திருக்கும்.

எனவே தாழ்வான பள்ளத்தாக்கு நிலங்களில் சாண்ட்லரை நடலாம். உயரமான சரிவுகளுக்கு உள்ளூர்த் தேர்வுகளே முதன்மை பெற வேண்டும். அக்ரூட்டில் ஒட்டுக் கூட ஏறத்தாழ 27 டிகிரி வெப்பம் நிலையாக வேண்டும். திறந்தவெளியில் காஷ்மீரின் வசந்தம் அதைத் தராது. ஆகவே பசுமைக்குடில் நாற்றங்கால்கள் பெருகாமல் எந்த நல்ல இரகமும் உழவர் கையை எட்டாது. விதைமரங்களை அனுமதியின்றி வெட்டுவதை ஜம்மு காஷ்மீரின் 1969ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு மரத்துக்கும் துளிர்க்கும் நாள், காய்க்கும் மொட்டு, முதிரும் நாள் மூன்றையும் பதிவுசெய்து, தகுதியுள்ள மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்துக் காத்த பிறகே கோடரிக்கு விட வேண்டும் என்று தோட்டக்கலைத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.